நொண்டிக் காட்டிய நாள்

தென்னரசுவுக்குப் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே ஒரு தனி வேலை. முதலில் இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும். பிறகு முழங்காலை மடக்கி, கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர வேண்டும். அவசரப்பட்டால் இடுப்பில் தொடங்கி வலது குதிகால் வரைக்கும் ஒரு சுண்டு சுண்டும். அப்படிச் சுண்டினால் அன்றைய பொழுது போச்சு.

பதினாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நின்றே காலம் தள்ளியவன். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆடுகிற வண்டியில் நிற்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டித்தான் முதலாளி நடராசனிடம் டைம் கீப்பர் வேலையைக் கேட்டு வாங்கினான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டிகள் வருகிற போகிற நேரத்தைக் குறிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடப்பான், மறுபடி உட்காருவான். இப்படியாக வலியோடு குடித்தனம் நடத்தப் பழகியிருந்தான்.

வெளியே பார்த்தால் ஆள் கிண்ணென்று இருப்பான். கட்டு இல்லை, தையல் இல்லை. அதுதான் அவன் செய்த குற்றம். கையில் மாவுக்கட்டு போட்டவனுக்கு டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறவர்கள், இவனைப் பார்த்தால் மட்டும், "இன்னுமா சரியாவல?" என்று கேட்பார்கள். என்னவோ இவன்தான் வலியை விடாமல் பிடித்து வைத்திருப்பது மாதிரி!

ஆவணி மாதம் தங்கை அஸ்வினி வந்தாள். அவள் பெண் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். பனமலைக்குப் பக்கத்தில் அவள் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் விசேஷம்.

"தாய்மாமன் மடியில வெச்சுத்தாண்ணா குத்தணும். நீதான் உக்காரணும்."

தென்னரசுவின் மனைவி செந்தாமரை குறுக்கே புகுந்தாள். "தரையில உக்காரவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு அஸ்வினி. ஒரு சேர் போட்டு உக்காரட்டுமே."

"சேர்லயா? எங்க மாமியா வூட்டு சனம் சும்மா இருக்குமா அண்ணி? மணையில உக்கார மாமனுக்கு ஒடம்பு வளையலன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எல்லாம் மனசு வெச்சா உக்காரலாம்."

"சரி வுடு. பத்து நிமிசம்தானே," என்றான் தென்னரசு.

விசேஷத்தன்று காலையில் வழக்கத்துக்கு மேலே ஒரு வலி மாத்திரையைச் சேர்த்து விழுங்கினான். மணையில் சம்மணம் போட்டபோதே கண் இருட்டியது. ஊசி இறங்கியதும் குழந்தை வீலென்று கத்தி, இரண்டு காலையும் அவன் வயிற்றில் ஊன்றி எம்பியது. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நல்ல காரியத்தில் மாமன் முகம் கோணலாமா? யாரோ செல்போனில் அதை எடுத்தார்கள். சிரிப்போடு வீடியோ முடிந்துவிட்டது. அதன் பிறகு நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி நிறுத்தியதையும், வேனின் பின்சீட்டில் குப்புறப் படுக்கப் போட்டுக்கொண்டு வந்ததையும் யாரும் எடுக்கவில்லை. அதையெல்லாம் எவர் எடுக்கப் போகிறார்கள்!

மூன்று நாள் படுத்த படுக்கை. அந்த மூன்று நாளில் அவன் செய்த ஒரே காரியம், அந்த வீடியோவைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததுதான். மருமகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் வராததால் இரட்டை டூட்டி பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் சுகுமாரும் அதைப் பார்த்தான். எரிச்சலில் அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிட்டான்.

நாலாம் நாள் வேலைக்குப் போன தென்னரசுவை நடராசன் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"மூணு நாளு எங்கய்யா போன?"

"இடுப்பு வலிங்க மொதலாளி. எந்திரிக்கவே முடியல."

நடராசன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "இது யாரு?"

"நான்தாங்க."

"சம்மணம் போட்டு, கொழந்தைய மடியில வெச்சுக்கினு இளிச்சுக்கினு இருக்கிற. வலிக்காரன் மூஞ்சியா இது?"

"வூட்டு விசேஷங்க. அங்க போயி எப்பிடிங்க அழுவறது? அப்புறம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டரு சீட்டு இருக்குதுங்க…"

"சீட்டு எவன் வேணா வாங்கலாம். நாளையிலேர்ந்து வண்டி ஏறு. முடியாதுன்னா வூட்டுலியே இரு."

வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. வண்டி ஏறினான். ஒவ்வொரு பிரேக்குக்கும் உயிர் போய் வந்தது. கம்பியில் சாய்ந்தபடி டிக்கெட் கிழித்தவனைப் பார்த்து, "காலையிலியே தூக்கமா கண்டக்டர்?" என்று ஒருவர் நக்கலடித்தார். மூன்றாம் நாள் அவனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை செந்தாமரை இடுப்பு பெல்ட்டை எடுத்து வந்தாள். யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள்ளே கட்டுவதுதான் அவன் வழக்கம்.

"இத்த சட்டைக்கு மேல கட்டுங்க. பக்கத்து வூட்டுல ஒரு தடி வாங்கியாந்திருக்கேன். ஊனிக்கினு போங்க. மொதலாளி எதிர்ல நல்லா நொண்டுங்க."

"நான் என்னா நாடகமா ஆடறேன்?"

"நெஜத்தச் சொன்னீங்களே, எவன் நம்புனான்?"

இத்தனைக்கும் ராத்திரி நன்றாகத் தூங்கியதில் அன்று வலி கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் நொண்டினான். ஆபீஸ் படியேறும்போது "அம்மா" என்று முனகினான். அவமானத்தில் உடம்பு கூசியது. நடராசன் பதறி எழுந்தேவிட்டார்.

"இவ்ளோ இருக்குதா? மொதல்லியே சொல்லக் கூடாதாய்யா? போ, போயி பழையபடி டைம் கீப்பர் வேலையே பாரு."

உண்மையைச் சொன்னபோது பறித்ததை, நடித்துக் காட்டியதும் கொடுத்துவிட்டார்கள். என்ன நியாயமோ!

அதோடு தென்னரசு சிரிப்பதை விட்டுவிட்டான். வலி குறைந்த நாட்களில்தான் அவனுக்குப் பயம் அதிகம். கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால்கூட யாராவது பார்த்து வைப்பார்கள்.

மாசி மாதம் ஒருநாள், விழுப்புரம் போவதற்காக அஸ்வினி குழந்தையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மாமனைப் பார்த்ததும் குழந்தை தத்தித் தத்தி ஓடிவந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டது. எதிரே வண்டிப் படியில் சுகுமார் நின்றிருந்தான். தென்னரசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழந்தை உதட்டைப் பிதுக்கி அழுதது.

"என்னாண்ணா, புள்ளகிட்ட ஒரு சிரிப்புகூடக் கெடையாதா?" அஸ்வினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிச்சா வேலை பூடும்மா."

அது காதில் விழுந்ததும் சுகுமார் இறங்கி வந்தான். அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"அந்த வீடியோவ அனுப்புனது நான்தாண்ணா. டூட்டி மேல டூட்டி போட்டு ஒரே பேஜாரா இருந்திச்சி. அந்தக் கோவத்துல பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. புள்ள அழுவுது, சிரிங்கண்ணா."

தென்னரசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உன்ன மட்டும் சொல்லி என்னா தம்பி? சேர்ல உக்காரட்டும்னு உங்க அண்ணி சொன்னப்ப நீ நம்புனியாம்மா? சீட்டக் காட்டுனப்ப மொதலாளி நம்புனாரா? நான் சிரிச்சா வலி இல்லன்றீங்க. நொண்டுனாத்தான் நம்புவேன்றீங்க. என் வலிய எடுத்து உங்க கையில குடுத்துப் பாக்கச் சொல்ல முடியுமா? ஒருத்தன் வலிக்குதுன்னு சொன்னா, அந்தச் சொல்ல நம்புங்க. நம்பாம அவன நடிக்க வெச்சிட்டு, அப்புறம் வந்து சிரின்னு கேக்காதீங்க."