பன்னிரண்டாவது சோதனை

முத்துப்பேச்சி முப்பத்தோராவது இடத்தைப் படித்து முடித்து, நோட்டில் ஒரு கோடு போட்டாள். திரையில் இருந்தது யூ.எஸ்.பி. நெட்வொர்க் கருவி ஒன்றை இயக்கும் நிரல்; லினக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலில் ஒரு பகுதி. வருகிற ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் அது ஒரு நினைவக முகவரியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பன்னிரண்டு இடங்களில் சோதித்தது. அதை அழைக்கிற முப்பத்தொரு இடங்களிலேயே பார்த்து அனுப்பியதைத்தான் உள்ளே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ கை மாறிய நிரல். பயத்தில் ஆளுக்கொரு சோதனையாகச் சேர்த்திருந்தார்கள்.

விருதுநகரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு அவள் நான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர். தாயில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேகத்தைக் குறைக்கிற வீண் சோதனைகளைக் கண்டுபிடிக்கும் இந்த ஒரு வேலைக்கு மூன்று மாதமாகிவிட்டது.

"பன்னெண்டையும் எடுத்துரும்மா," என்றார் மேலாளர் சரவணக்குமார்.

"பதினொண்ணு எடுக்கலாம் சார். இந்தப் பன்னெண்டாவது ஒண்ணு இருக்கட்டும்."

"அதையும் முந்தியே பாத்துத்தான அனுப்புது?"

"பாத்துத்தான் அனுப்புது. பாத்த பெறகு, உள்ள போறதுக்குள்ள யாராச்சும் கருவியப் பிடுங்கிட்டா?"

அவர் நம்பவில்லை. அவள் பழைய கணினி ஒன்றில் பன்னிரண்டையும் நீக்கிய நிரலை ஏற்றினாள். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியைப் பிடுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பச் செருகி, திரும்பப் பிடுங்கினாள். பதினெட்டாவது தடவை திரை உறைந்து, பிழை வரிகள் மேலிருந்து கீழ்வரை கொட்டி நின்றன.

சரவணக்குமார் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இம்புட்டு நிதானம் எங்கருந்தும்மா வந்துச்சு?"

"எங்கம்மா வெடி ஆபீஸ்ல பட்டாசு மருந்து கலக்குது சார். நிதானமா இருக்கப் போயித்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருது."

பதினொன்றை நீக்கிய திருத்தத்தைக் காரணங்களோடு கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எங்கேயோ இருக்கிற ஒருவர், முப்பத்தொரு இடங்களையும் தானும் சரிபார்த்ததாகவும், பன்னிரண்டாவதை விட்டதுதான் இந்தத் திருத்தத்தின் சிறப்பு என்றும் எழுதி ஏற்றுக்கொண்டிருந்தார். கெர்னலின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. சரவணக்குமார் சாத்தூர்க் காரச்சேவு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

அடுத்த மாதம், ஒப்பந்த ஊழியர்களில் நிரந்தரமாக்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. ராம்குமார் முதலாக ஐந்து பேர். அவள் பெயர் இல்லை.

சரவணக்குமார் மதிப்பீட்டுத் தாளைக் காட்டினார். கடைசி மூன்று மாதத்தில் எழுதிய நிரல் வரிகள் என்ற கட்டத்தில் ராம்குமாருக்கு ஆறாயிரத்து நூறு. அவளுக்குப் பூஜ்யம்.

"நானும் எடுத்துச் சொன்னேம்மா. அழிச்சதுக்குத் தாள்ல கட்டமே இல்லைங்காக."

"மூணு மாசமாப் படிச்சதுக்கு?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். "திங்கக்கிழம புது நிரந்தர ஆளுகளுக்குப் பயிற்சி. அந்தப் பன்னெண்டாவது விசயத்த நீதான் சொல்லித் தரணும். மேலயிருந்தே கேக்காக."

பயிற்சி அறை மேல்மாடியில், நிரந்தர ஊழியர்களுக்கானது. வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற இடத்தில் 'பாடம் நடத்த' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் 'பார்வையாளர்' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போய், ஐந்து பேருக்கும் முன்னால் பலகையில் முதல் கோட்டை இழுத்தாள்.