வலிப்பு நின்ற மாதங்கள்

லதிகாவுக்கு வலிப்பு நின்று சில மாதங்கள் ஆனதும் அவள் அக்கா ரமணி, கோயிலில் பாயசம் வைத்து அந்தத் தோட்டு வாய்க்கால் கரையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினாள். கொண்டாட வேண்டிய விஷயம்தான். மூன்று வருடமாக விழுந்துகொண்டிருந்தவள் லதிகா. அடுப்படியில் விழுந்து கஞ்சி கொட்டிய தழும்பு இடது கையில் இருந்தது. ஒருமுறை துணி துவைக்கும்போது தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, தலைமுடியைப் பற்றி இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். குட்டநாட்டில் வாசல்படி இறங்கினால் தண்ணீர்தான். எங்கே போய் ஒளிவது?

அவள் புருஷன் சுகதன் அரசாங்கப் பயணப் படகில் வேலை பார்த்தான். ஒவ்வொரு படகுத்துறையிலும் கயிறு வீசிப் படகைக் கட்டி ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. வலிப்பு நின்றதும் அவனும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தான். கொஞ்ச நாள்தான்.

வலிப்பை நிறுத்திய புது மாத்திரையே அவளை அடித்துப் போட்டது. காலையில் புட்டு அவித்து இறக்கிவிட்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிடுவாள். குளித்துவிட்டு வந்தால் மூச்சு வாங்கும். ஓணத்துப் படகுப் போட்டியில் பெண்கள் வள்ளத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவள், ஒரு குடம் தூக்க முடியாமல் பாதி வழியில் இறக்கி வைத்தாள். சுகதன் விடியுமுன் எழுந்து சோறு வைத்தான், மீன் கழுவினான், மகள் அனகாவுக்குத் தலை பின்னினான்.

"மீன் கழுவித் தர புருஷன் கெடச்சிருக்கான். எங்க மகாராணிக்கு என்ன கொறச்சல்?" என்று ரமணி கேலி செய்தாள்.

லதிகா சிரிக்கவில்லை. அதுதான் சுகதனை உறுத்தியது. முன்பெல்லாம் அவள் சிரித்தால் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

பிறகு கோபம் வந்தது. அனகா தம்ளரைத் தட்டிவிட்டதற்கு, லதிகா கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தாள். குழந்தை நடுங்கிப்போய்க் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கியது. லதிகா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு யாருடைய கையோ போல.

மருந்து எழுதிக் கொடுத்த அன்றே டாக்டர் ஷெரின், கோபமோ மனக்கலக்கமோ வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார். சுகதனுக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள். மாற்றினால் வலிப்பு திரும்பி வரும். அவள் விழும் சத்தம் அவன் காதில் இன்னும் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டான்.

ஆனி மாதத்து மழைப் பிற்பகல் அது. படகு அவன் வீட்டைத் தாண்டிப் போகும்போது சுகதன் வழக்கம்போல் எட்டிப் பார்த்தான். லதிகா படித்துறையில் இறங்கி நின்றாள். முட்டிக்கு மேல் தண்ணீர். கையில் துணி இல்லை, பாத்திரம் இல்லை. குடையும் இல்லை. மழை தலைவழியாக வழிந்துகொண்டிருக்க, அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லதிகே!" என்று கத்தினான்.

அவள் நிமிரவில்லை. இன்னொரு படி இறங்கினாள்.

சுகதன் படகோட்டும் ஜோப்பனிடம் ஓடினான். "சேட்டா, திருப்புங்க. என் வீட்டுக்குத் திருப்புங்க!"

"அங்க படகுத்துறை இல்லயேடா..." என்று திரும்பிய ஜோப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சுக்கான் சக்கரத்தை ஒடித்துத் திருப்பினார்.

"இதென்ன, ஆளாளுக்கு வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குவீங்களா?" என்று பயணி ஒருவர் முணுமுணுத்தார். படகு கரையைத் தொடுமுன் சுகதன் குதித்துவிட்டான். இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் அவள் தோளைப் பிடித்தான்.

தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல் அவள் விழித்தாள். பிறகு படகையும், அதன் ஜன்னல்களில் நிறைந்திருந்த முகங்களையும் பார்த்தாள்.

"கைய எடு! ஊரக் கூட்டிட்டு வந்து காட்டுறியா? பாத்துக்கோங்க எல்லாரும், இதுதான் நோய்க்காரி! போதுமா?"

அவள் அவனிடம் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. சுகதன் கையை எடுக்கவில்லை.

"நீ இருடா. கயித்த நான் பாத்துக்கறேன்," என்றார் ஜோப்பன். படகு பின்வாங்கிப் போயிற்று.

வீட்டுக்குள் கூட்டிவந்து துவர்த்துத் துண்டால் அவள் தலையைத் துவட்டினான். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் விடவும் பயமாக இருந்தது.

"லதிகே, ஒண்ணு கேக்கறேன். கோவப்பட்டாலும் பரவால்ல. செத்துப்போயிடலாம்னு நெனச்சியா?"

அவள் அந்தத் துண்டை வாங்கி மடியில் வைத்துச் சுருட்டினாள்.

"எறங்கி நடந்தா போதும், அப்புறம் யாருக்கும் தொந்தரவு இல்லன்னு தோணுச்சு," என்றாள். "எனக்குள்ள யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்க. கொரலு என் கொரல்தான். ஆனா அது நான் இல்ல சேட்டா."

"எப்பலேருந்து?"

"அக்கா பாயசம் வச்சாளே, அதுக்கு முந்தியே."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

சுகதனுக்கு அந்த மாத்திரைகளை அப்படியே அள்ளித் தோட்டுத் தண்ணீரில் வீச வேண்டும்போல் இருந்தது. டப்பாவைக் கையில் எடுத்தும்விட்டான். ஆனால் முதலில் டாக்டருக்குப் போன் செய்தான்.

"ஒரு வேளைகூட விடக்கூடாது," என்றார் டாக்டர் ஷெரின். "சட்டுனு நிறுத்தினா வலிப்பு அடுக்கடுக்கா வரும், உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னதும் நல்லது, அவங்க சொன்னதும் நல்லது. வழியில ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க."

அனகாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்ளும்படி ரமணியிடம் சொல்லிவிட்டு, திரும்பி வந்த ஜோப்பனின் படகிலேயே கிளம்பினார்கள். வழி முழுவதும் அவள் மணிக்கட்டை அவன் விடவே இல்லை. படகு வளைவில் திரும்பும்போதெல்லாம் அவன் பிடி இறுகியது. அவளுக்கு வலித்திருக்கும். அவள் விலக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லதிகாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த மருந்து சில பேருக்கு மனசுக்குள்ள இருட்டக் கொண்டாந்துடும். உங்க குணம் மாறிப்போச்சுன்னு நெனைக்காதீங்க. இது மருந்து பண்ற வேலை."

"அப்போ எனக்குப் பைத்தியம் பிடிக்கலயா?"

"இல்ல."

லதிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை மாதமாக அவள் ஒருமுறைகூட அழவில்லை என்பது சுகதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சில நாள் அங்கேயே வைத்திருந்து அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இன்னொன்றை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டும் உடம்பில் ஓடின. அவள் தடுமாறித் தடுமாறி நடந்தாள், பேச்சு குழறியது, பகலெல்லாம் தூங்கினாள். சுகதன் அவள் மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். அவன் வேலைக்குப் போகும் நேரத்தில் ரமணி வந்து இருந்தாள். முதல் நாள் வந்தபோதே தங்கையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"என்கிட்ட சொல்லக்கூடாதாடி கழுத? பாயசத்த நாய்க்கு ஊத்திட்டு வந்திருப்பேனே!" பிறகு அவளே தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சுகதன் பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவன் கரிமீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். துருவும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் ஒருபக்கமாகச் செருகியிருந்தன. துருவியைக் காலால் தள்ளிவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தான். உடம்பு விறைத்து வெட்டத் தொடங்கியது. அனகா ஓடிவந்து தலைக்கடியில் தலையணையை வைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். வெட்டு அடங்கியதும் சுகதன் மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்தான்.

"திரும்ப வந்துடுச்சா அச்சா?"

"வந்துடுச்சு மோளே."

லதிகா தூங்கினாள். அவன் பக்கத்திலேயே இருந்தான். தப்புப் பண்ணிவிட்டோமா? அந்த மருந்தோடேயே எப்படியாவது ஓட்டியிருக்கலாமா? மழையில் படித்துறையில் நின்ற அவள் முகம் நினைவுக்கு வந்தது. இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

அவள் மெதுவாகக் கண் திறந்தாள். கொஞ்சநேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"மீன் கையோட என் மூஞ்சியத் தொட்டீங்களா?"

"ஆமா."

"வேற கை இல்லயா உங்களுக்கு?" என்று சொல்லிச் சிரித்தாள். களைத்துப்போன சிரிப்பு, எதிர்க்கரைக்கெல்லாம் கேட்காது. அனகா ஓடிவந்து அவள் மேல் விழுந்தாள். சுகதன் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டான்.

வலிப்பு இன்னும் எப்போதாவது வருகிறது. இந்த மாத்திரைக்கு முடி கொட்டுகிறது. மத்தியானம் தூங்காமல் அவளால் முடிவதில்லை. தண்ணீரில் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறங்குவதில்லை. சுகதனுக்குப் பயம் போகவில்லை. முன்பு வலிப்புக்கு மட்டும் பயந்தான், இப்போது அவள் மனசுக்கும் சேர்த்துப் பயப்படுகிறான். ஆனால் இப்போது கேட்டுவிடுகிறான். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி, மனசு எப்படி இருக்கு என்பதுதான். "நல்லாருக்கு, போய்க் குளிங்க" என்பாள் பெரும்பாலும்.

சில நாள், "இன்னைக்கு சரியில்ல சேட்டா, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க" என்பாள். அவன் நனைந்த காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொள்கிறான்.