அரை மீட்டர் கூடுதலாக

இன்னும் அரை மீட்டர் தோண்டச் சொன்னவன் நான்தான். நாற்பது சென்டிமீட்டர் போதும் என்றார் பொறியாளர். எனக்குப் போதவில்லை. எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் வைக்கப்போவது என் சிலை, பயணப் பெட்டி மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரும்புப் பெண். பீடம் கூடாது, ஊரார் நடக்கும் தரையிலேயே அவள் பாதமும் படவேண்டும், அஸ்திவாரம் ஆழமாகப் போகட்டும் என்று பெரிய சிற்பி தோரணையில் கையை ஆட்டினேன். பொக்லைன் இறங்கியது. 'டங்' என்றது.

கிரேக்க நாட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: கீழே பழங்காலம் இருக்கிறது, மேலே வேலை நின்றது.

பொக்லைன் ஓட்டுகிற திராசோஸ் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "மாஸ்டர், நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் பாக்கல. ரெண்டு மூட்டை சிமென்ட் கொட்டிட்டா யாருமே பாக்கல."

எங்கள் ஊரில் வீடு கட்டிய பாதிப் பேர் இப்படிப் பார்க்காதவர்கள்தான். நானும் பார்க்காமல் இருந்திருக்கலாம். குழிக்குள் இறங்கித் தொலைத்தேன். பழங்காலத்துச் சாக்கடை. யார் கண்ணிலும் படப்போகாத உட்பக்கத்தைக்கூட எவனோ ஒருவன் அவ்வளவு ஒழுங்காகச் செதுக்கியிருந்தான். உளித்தடம் அப்படியே இருந்தது. சக தொழிலாளி. அவன் தலையில் சிமென்ட் கொட்ட மனம் வரவில்லை. தொல்லியல் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன்.

"தன் கல்யாணத்த நிறுத்தத் தானே போலீஸுக்குப் போன் பண்ற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றான் திராசோஸ்.

இது நடந்து பதினாலு மாதம் ஆகிறது.

முப்பத்தோரு வருஷமாகக் காத்திருப்பவர்களைத்தான் செய்துவருகிறேன். துறைமுகத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், வேலை கேட்டு வரிசையில். ஏதென்ஸில் மூன்று கண்காட்சி. ஒரு விமரிசகர் 'பொறுமையான கலைஞர்' என்று எழுதினார், எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு சிலைகள் ஜெர்மனிக்குப் போயின, வேலை தேடிப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே. சொந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. இவள்தான் முதலாவதாக இருந்திருப்பாள். இப்போது என் கொட்டகையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கோழி முட்டையிடுகிறது.

காபிக் கடைக்குள் கால் வைத்தால் மீன்கார லாம்ப்ரோஸ் தயாராக இருப்பான்.

"என்னப்பா, உன் தகரத்து அம்மாவுக்கு பஸ் வந்துச்சா?"

"தகரம் இல்லடா, இரும்பு."

"பளிங்குல செஞ்சிருந்தா அந்தக் குழியிலயே போட்டு மூடியிருக்கலாம். ஆயிரம் வருஷம் கழிச்சு எவனாவது தோண்டி மியூசியத்துல வச்சிருப்பான்."

கோபம் வந்தது. யோசனை ஒன்றும் மோசமில்லை என்பதால் கூடுதலாக வந்தது.

மேயர் சரண்டிஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். பன்னிரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு காபி. ஒவ்வொரு தடவையும் என் தோளில் கை போட்டுக்கொண்டு, சதுக்கத்தைப் பார்த்த தன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். "பாக்கலாம்டா ஸ்தாதிஸ், பாக்கலாம். தொல்லியல்காரங்க விடணுமே!"

நேற்று எனக்குள் இருந்த 'பொறுமையான கலைஞர்' செத்துப்போனார். சர்க்கரை தூவிய பாதாம் பிஸ்கட் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு தொல்லியல் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் குழியை ஆய்வு செய்த எவாந்தியா உடைந்த ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"லஞ்சமா?"

"பிஸ்கட்டுங்க."

"அப்ப சரி, ஒண்ணு எடுத்துக்கறேன்."

"மேடம், பதினாலு மாசமா எல்லாரும் பாக்கலாம், பாக்கலாம்னே சொல்றாங்க. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். அவ அங்க உக்காருவாளா, மாட்டாளா?"

எவாந்தியா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். விரலில் ஒட்டிய சர்க்கரையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"உங்க சாக்கடையைப் படம் எடுத்து, மூடிக்கலாம்னு நான் எழுதிக் கொடுத்து ஏழு மாசமாச்சு. கடிதம் மேயர் மேசையில இருக்கு."

"அப்ப குழியச் சுத்திக் கட்டியிருக்கற கயிறு?"

"அது அவர் கட்டினது."

பிறகு மோவாயை மேலே தூக்கி, நாக்கால் 'ட்ச்' என்று ஒலி எழுப்பினார். எங்கள் நாட்டில் அதற்கு மேல் ஒரு 'இல்லை' கிடையாது.

"உக்கார மாட்டா, ஸ்தாதிஸ். மேயரே என்கிட்ட சொன்னார். ஜெர்மனிக்குப் போன மகனை பஸ் ஏத்தி விட்டது அந்தச் சதுக்கத்துலதானாம். தினமும் ஜன்னல் வழியா அந்தப் பெட்டியப் பாக்க அவரால முடியாதாம்."