அஞ்சுக்கு ஒண்ணு

சாக்கடைத் தண்ணீர் வீடு புகுந்த நாளில் எட்டிக்கூடப் பார்க்காத மேயர் மறுபடியும் ஜெயித்துவிட்டார். அதிலும் டீச்சரின் தெருவில்தான் அவருக்கு அதிக ஓட்டாம். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை மேசையில் விசிறியடித்துவிட்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சொரணை கெட்ட ஜனங்களா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒருத்தராவது கேட்டீங்களா?"

துணி தைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது.

"கேட்டதாலதான் டீச்சர் இந்தக் கதி! அஞ்சு வேட்பாளருக்கும் நம்பர் போடற புது முறைன்னு சொன்னப்ப, வீடு வீடா வந்தது யாரு? 'அந்தாளுக்கு அஞ்சுக்கு ஒண்ணு போடுங்க, நல்லவருக்கு அஞ்சுக்கு அஞ்சு போடுங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணுதான் முதலிடமாம், அஞ்சு கடைசியாம். இப்ப டிவியில சொல்றான்!"

இருபத்தாறு வருடம் மார்க் போட்ட டீச்சரின் கையிலிருந்து பேனா நழுவி விழுந்தது.

எதிர்வீட்டுக்காரி அதை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"எங்க வீட்டுக்கு மாடி கிடையாது டீச்சர். மழை ஆரம்பிச்சா தெருவே உங்க மாடிக்குத்தான் வரும். கதவைத் திறந்தே வைங்க."