கிளவுடுக்கு ஒரு ஆள் போதும்

ஞானசம்பந்தன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நெற்றி நிறைய விபூதியோடு, ரொம்பப் பிரியமாகத்தான் பேசுவார். விக்கிரமசிங்கபுரம் முதல் திருச்செந்தூர் வரை பல சின்ன ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைப் பாதுகாத்து வந்தது வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய கம்பெனி. எல்லாம் பின்னறை சர்வர்களில் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள சித்ரலேகாவும் கிளமென்டும் இருந்தார்கள். போன மழைக்கால வெள்ளத்தின்போது ஆற்றுத்தண்ணீர் அந்த அறை வாசல்வரை வந்துவிட்டதில் முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திருவோம்" என்றார் இருவரையும் அழைத்து. "ரெண்டு கம்பெனி வந்திருக்கு. ஹைதராபாத்காரனை நீ பாரும்மா. மும்பைக்காரனை கிளமென்ட் பாக்கட்டும். திங்கக்கிழமை வந்து ஆளாளுக்கு எடுத்துச் சொல்லுங்க. சர்வரே இல்லேன்னா அதைப் பாக்க ரெண்டு பேரு எதுக்கு? ஜெயிச்ச ஆளு இங்கன இருக்கட்டும். மத்த ஆளு வேற இடம் பாத்துக்கிடட்டும்."

சொல்லிவிட்டு இருவருக்கும் காபி வரவழைத்தார்.

சித்ரலேகா காபியைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. இந்த வேலை போனால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அம்மாவை யாரிடம் விடுவது? கிளமென்டுக்கோ கடலோர உவரியில் மனைவி பிலோமினா பிரசவத்துக்குக் காத்திருந்தாள். இருவருக்கும் இருவர் வீட்டு நிலைமையும் தெரியும். இத்தனை வருஷமும் மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

அந்த வாரம் முழுக்க இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். ஹைதராபாத் கம்பெனியின் விற்பனைக்காரர் தேனாகப் பேசினார். ஆனால் சேமித்த நகலை மீட்டுப் பார்த்தபோது பெயர்களை மாற்றி அவள் ஏற்றியிருந்த அம்பாசமுத்திரத்து ஆஸ்பத்திரியின் ஒரு வாரப் பதிவுகளைக் காணோம். மும்பை கம்பெனியில் ஒன்றும் குறையாமல் அத்தனையும் திரும்பி வந்தது. சித்ரலேகா இதைக் கிளமென்டிடம் மறைக்கவில்லை. அவனும் தன் தவறை அவளிடம் சொன்னான். போலிப் பெயர்களை ஏற்றிச் சோதிப்பதற்குப் பதில், அவசரத்தில் நிஜ நோயாளிகளின் விவரங்களை ஏற்றிவிட்டிருக்கிறான். பார்த்த உடனே அழித்தும்விட்டான்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுவோம் சித்ரா" என்றான். "மும்பைதான் நல்லதுன்னு நானும் சொல்லுதேன், நீயும் சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா யாரு தோத்தான்னு அவரு எப்படிச் சொல்லுவாரு?"

"சரி" என்றாள். அப்போது அவள் மனசாரத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை முதலாளி முதலில் அவளைத்தான் கேட்டார். "உன் கம்பெனி எப்படிம்மா?"

"நல்லா இருக்கு சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நகல் எல்லாம் சரியா வருது."

கிளமென்ட் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பதற்றத்தில் உளறுகிறாள் என்றுதான் அவன் முதலில் நினைத்திருக்க வேண்டும். தன் முறை வந்ததும் மும்பை கம்பெனியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இவன் சொல்லுததுல குறை ஏதும் உண்டா?" என்று முதலாளி அவளிடம் கேட்டார்.

சித்ரலேகா மேசையைப் பார்த்தபடி, "நிஜ நோயாளிங்க விவரத்தை வெளியாளு சர்வர்ல ஏத்திட்டான் சார். யாருகிட்டயும் சொல்லலை" என்றாள்.

"அப்படியாலே?"

"ஆமா சார்."

"சரி, அவ சொன்னதுல குறை உண்டா?"

கிளமென்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இருந்தா அவங்களே சொல்லுவாங்க சார்."

அவள் சொல்லவில்லை. முதலாளி அவளையே இருக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் அவன் தன் டிபன் பாக்ஸையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். யாரும் வாசல்வரை போகவில்லை.

சாயங்காலம் முதலாளி அவளைக் கூப்பிட்டு மும்பை கம்பெனியின் ஒப்பந்தத்தை நீட்டினார்.

"சார், இது..."

"அவன் சொன்னதுதான் நல்ல கம்பெனி. உன் ஹைதராபாத்காரன் லெச்சணத்தை நான் முன்னாலேயே விசாரிச்சுட்டேன்" என்று சிரித்தார். "கம்பெனியைத் தேர்ந்தெடுக்க நீங்க எதுக்கும்மா? உங்க ரெண்டு பேருல யாரு யாரைக் கடிக்கியன்னு பாக்கணும்லா. நீ எனக்கு உபயோகப்படுவே. அவன் எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கானாம். போன் போட்டுக் கேளு. நல்ல பையன், சொல்லுவான்."

இரண்டு நாள் தானே முட்டி மோதிப் பார்த்தாள். முடியவில்லை. மூன்றாம் நாள் அழைத்தாள். பின்னால் கடல் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க மேடம்" என்றான் கிளமென்ட்.

எந்தெந்தப் பதிவை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும், எங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னான். அவள் தடுமாறிய இடங்களில் பைய மறுபடி சொன்னான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"பிலோமினா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"வேற ஏதும் சந்தேகம் இருக்கா மேடம்?"

"இல்ல."

"வச்சிருதேன்."

மறுநாள் அவன் சொன்ன வரிசையிலேயே அத்தனையும் ஏற்றி முடித்தாள். ஒரு பதிவுகூட விட்டுப்போகவில்லை. முதலாளி ஆபீஸ் முழுவதற்கும் அல்வா வாங்கி வந்து, முதல் துண்டை அவள் கையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தின்றாள்.