வண்டு வந்துச்சா?

ஒரு கொடியின் பூவிலிருந்து மஞ்சள் மகரந்தத் தூளை ஆள்காட்டி விரலில் ஒற்றிக்கொண்டு அவள் அடுத்த கொடிக்கு நகர்ந்தபோது, வீட்டிலிருந்து மகளின் குரல் கேட்டது.

“அம்மா! சித்தப்பா வந்திருக்காரு. அப்பா உன்னத் தேடறாரு, வா!”

“இதோ வரேன்னு சொல்லு. இந்த வரிசைய முடிச்சிட்டு வந்துடறேன்.”

சித்தப்பாவா, இன்றைக்கா? கணவரின் தம்பி தங்கமான மனுஷன்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வாய்தான் நிற்காது. குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர், அதுவும் அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்.

ஆனால் கையில் தூள் இருந்தது. எதிரே பூ விரிந்து நின்றது. பேஷன் ஃப்ரூட் பூ மதியம்தான் விரியும், இருட்டுவதற்குள் சுருங்கிவிடும். அதற்குள் வேறொரு கொடியின் தூள் அதன் மேல்முனையில் பட்டால் காய் பிடிக்கும். படாவிட்டால் காம்போடு கீழே. தன் கொடியின் தூளையே தன் பூவில் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது, அப்படி ஒரு வீம்பு அந்தப் பூவுக்கு.

ஒரு காலத்தில் இந்த வேலையை வண்டு செய்தது. கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும் கருவண்டு. பூவுக்குள் நுழைந்தால் முதுகு முழுக்க மஞ்சள் அப்பிக்கொள்ளும், அடுத்த பூவில் அப்படியே போய் உரசும். அதை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஙொய் என்று காதோரம் சுற்றினால் துண்டை வீசி விரட்டினார்கள், அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த மரியாதை.

வண்டுகள் குடியிருந்தது பந்தலைத் தாங்கிய மரக்கம்பங்களுக்குள். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளேயே குஞ்சு பொரித்து, அடியில் மரத்தூளைக் கொட்டி வைக்கும். அவள் கணவருக்கோ எல்லாம் நறுவிசாக இருக்க வேண்டும். “ஓட்டை போட்டே என் பந்தலச் சாய்ச்சிரும் பாரு” என்று திட்டிக்கொண்டே இருப்பார். ஒரு பலத்த காற்றில் நிஜமாகவே ஒரு மூலை சாய்ந்தது. அதோடு மரக்கம்பங்கள் அத்தனையையும் பிடுங்கிவிட்டு சிமெண்ட் தூண் நட்டார். பழைய கம்பங்களைக் குவித்து, குளிர் விடாத ஒரு காலை வேளையில் எரித்தார். குளிரில் உள்ளே ஒடுங்கிக் கிடந்த வண்டுகளால் பறக்க முடியவில்லை. சிலது மட்டும் இறக்கை கருகி வெளியே வந்து மண்ணில் ஊர்ந்தன. “சனியன் தொலைஞ்சுது” என்று கையைத் தட்டிக்கொண்டார். பந்தல் இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அவளும் சொன்னாள்.

அடுத்த பருவம் பந்தல் முழுக்கப் பூ. காய் மட்டும் இல்லை. உரம் போட்டார், தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார், விதையைத் திட்டினார். கடைசியில்தான் புத்தியில் உறைத்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் கையை உதறிவிட்டு எழுந்துபோய் பந்தலுக்கு அடியில் நின்றார். அப்போது அவர் முகம் இருந்த இருப்பை அவளால் மறக்கவே முடியவில்லை.

வெளியிலிருந்து வண்டு வரட்டும் என்றால், எங்கிருந்து வரும்? சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் எல்லாரும் வேலிப் புதரை வெட்டிக் கம்பி போட்டாயிற்று. ஓடைக்கரைப் புதர்களையும் பட்ட மரங்களையும் தள்ளிச் சமன் செய்தாயிற்று. வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். அவர் தேனீப் பெட்டி வாங்கி வைத்துப் பார்த்தார். இந்தப் பூவுக்குத் தேனீ ரொம்பச் சின்னது, கீழே இருக்கிற தூளை வழித்துக்கொண்டு மேல்முனையைத் தொடாமலே போய்விடும். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டு, பெண் மாப்பிள்ளையைப் பார்க்காமலே கிளம்புகிறவர்கள் மாதிரி. அப்புறம் எங்கெங்கோ அலைந்து காய்ந்த கட்டைகளைக் கொண்டுவந்து பந்தல் ஓரம் கட்டித் தொங்கவிட்டார். ஒன்றும் வந்து குடியேறவில்லை.

அவர் வயிற்று வலி என்று படுத்தது அதற்குப் பிறகுதான். முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் லீவு போட்டு வந்து சேர்ந்தாள். கட்டிலில் கிடந்தவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. பந்தலிலிருந்து அவள் உள்ளே வந்தால் ஒரே கேள்விதான்.

“வண்டு வந்துச்சா?”

ஆரம்பத்தில் இல்லை என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு இல்லைக்கும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நாள் தாங்க மாட்டாமல், “ஒண்ணு வந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். சொன்ன பொய்க்கு அன்றைக்கே கூலி கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அதற்கப்புறம் நிறுத்த முடியுமா? ஒன்று என்றது நாலைந்து ஆயிற்று. பிறகு கட்டையில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டது என்றாள். எங்கே, தூள் கொட்டியிருக்கிறதா என்று அவர் கேட்க, டிரில் மெஷினை எடுத்துப்போய்க் கட்டையில் துளை போட்டு, உதிர்ந்த தூளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். அவர் அதை மோந்து பார்த்தார். “பச்சைப் புள்ள மாதிரி கொறிச்சி வச்சிருக்குடி” என்று சிரித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பொய்யை நிலைநிறுத்தக் காயும் வேண்டுமே. அதனால் தினமும் மதியம் அவர் கண்ணயர்ந்ததும் பந்தலுக்குப் போனாள். விரலால் ஒவ்வொரு பூவாக, கழுத்து ஒடிய, தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்க. ஜன்னல் வழியே அவர் பார்வைக்குப் படும் வரிசையை ஒரு நாளும் விடமாட்டாள். இன்னும் கொஞ்ச நாள்தான். வண்டு திரும்பி வந்துவிட்டது என்ற நினைப்போடு அவர் கண்ணை மூடிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். சாமியிடம்கூட அதைத்தான் கேட்டாள்.

மகள் கூப்பிட்டதும் போகாமல் அந்த வரிசையை முடித்துவிட்டு வந்ததுதான் தப்பு. போட்டது போட்டபடி ஓடி வந்திருக்க வேண்டும்.

வாசலுக்கு வரும்போதே ரேடியோவின் குரல் கேட்டது.

“அண்ணே, அண்ணி மாதிரி ஒரு மனுஷி கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்! வெயில்ல நின்னு ஒவ்வொரு பூவா விரலால தொட்டுத் தொட்டு… வண்டு செய்யற வேலைய அவங்க ஒரே ஆளா செய்யறாங்க. வர்ற வழியில நானே பாத்தேன். ஒத்த வண்டு இல்லாத பந்தல்ல இவ்வளவு காயான்னு எல்லாரும் வாயப் பொளக்கறாங்க!”

கட்டிலுக்குப் பின்னால் நின்ற மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதை எங்கே அவர் பார்த்தார்? அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மெய்யான பாசத்தில்தான் சொன்னார், பாவி மனுஷன்.

கட்டிலில் கிடந்தவர் வாசலைப் பார்த்தார். முதலில் அவள் முகத்தை, பிறகு அவள் கையை. அவள் மஞ்சள் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ரேடியோவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “என்ன அண்ணி, நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?”

“இல்ல தம்பி. நீங்க போய் டீ குடிங்க.”

மகள் அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். இவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கணவரின் மூச்சு அன்று காலையிலிருந்தே சரியில்லை. இப்போது தொண்டையில் எதுவோ உரசுவது போலக் கேட்டது.

“அந்தத் தூளு?” என்றார்.

“டிரில்லுல போட்டதுங்க.”

“அதான் பாத்தேன். ரொம்ப நைசா இருந்துச்சு.”

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தாள். கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, திட்டி அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் பந்தல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன இருந்திருக்கும் உள்ள?”

“இப்ப எதுக்குங்க அது?”

“குளுருக்கு ஒடுங்கிக் கெடந்துச்சு. நான் பாட்டுக்குக் கொளுத்திட்டு நின்னேன்.”

“நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? தெரியாமத்தானே.”

“தெரியாமச் செஞ்சா திரும்பி வந்துருமா?”

“வரும்ங்க. கொஞ்ச நாளாகும். வராம எங்க போயிடும்?” என்றாள்.

“நீ இனிமே அதச் சொல்லாத.”

சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளைத் தொட்டாள். அசையவில்லை. மகள் வந்து தண்ணீர் கொடுத்தபோது உதட்டைத் திறக்கவில்லை. வெயில் தாழ்ந்தது. பந்தலில் அவள் தொடாத வரிசைகள் இன்னும் இருந்தன, இப்போது போனாலும் பாதியைப் பிடித்துவிடலாம். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை என்பது அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. மகள்தான் “அப்பா” என்று கத்தினாள்.

சாகப்போகிற மனுஷனுக்காக ஒரே ஒரு பொய்யைக்கூடக் கட்டிக்காக்கத் துப்பில்லாமல் போயிற்றே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ரேடியோ சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அவரைப் போய் என்ன சொல்ல? இப்போது அவரைச் சமாதானப்படுத்தவும் அவள்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் தூரத்து உறவுகள் வந்து சேர நேரமாகிவிட்டது. வண்டி வீடு வரைக்கும் வராது, பந்தலுக்கு அடியில் தூக்கிக்கொண்டுபோய்த்தான் ரோட்டில் ஏற்ற வேண்டும். தூக்கும்போது மதியம் ஆகியிருந்தது. பூக்கள் எல்லாம் விரிந்திருந்தன. தூக்கியவர்கள் பூவில் இடிக்காமல் தலையைக் குனிந்து குனிந்து நடந்தார்கள். அழுகை ஓய்ந்த இடைவெளியில் காலடிச் சத்தத்தைத் தவிர அங்கே வேறு எந்தச் சத்தமும் இல்லை.

மகள் நடந்துகொண்டே, அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கத்தில் ஒரு பூவை நோக்கிக் கையை உயர்த்தினாள். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“விடு.”

“இதெல்லாம் விழுந்துடும்மா.”

“விழட்டும் விடு.”

பின்னால் வந்த ரேடியோவின் மனைவி நிமிர்ந்து பார்த்து மூக்கை உறிஞ்சினாள். “எவ்வளவு பூ பாருங்கக்கா! மாமாவ வழியனுப்பன்னே பூத்த மாதிரி. இந்தத் தடவ உங்களுக்குக் காய் கொட்டப் போகுது.”

“ஆமா” என்றாள் அவள்.

துக்கம் விசாரிக்க அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள். பந்தலுக்கு அடியில் நேற்றைய பூக்கள் சுருண்டு, காம்போடு உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தன. பேசிக்கொண்டே அவற்றின் மேல் நடந்து வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், அதே வழியில் திரும்பிப் போனார்கள். எல்லாரும் போன பிறகு அவள் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து வீட்டுத் தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் காலடித் தடங்கள் மஞ்சளாக இருந்தன.