ரோஸ் கலர் மல்லாட்டை

அன்றைக்கு அடுப்படியில் கரண்டி காணாமல் போகாமல் இருந்திருந்தால், ஆயா அம்சா வெளியே வந்திருக்கவே மாட்டாள். சித்ரா டீச்சர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அந்த ஊர். பால்வாடி ஒற்றை அறை, அதை ஒட்டி அடுப்படி. டீச்சர் சித்ரா திண்டிவனத்துக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆயா அம்சா உள்ளூர். பிள்ளைகள் பதினொன்று, எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து வயசுக்குள்.

மார்கழி மாசம். வீட்டில் வீணாகிற சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும், தினமும் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்திருந்தது. மேலே இருக்கிறவர்களுக்கு என்ன, உத்தரவு போட உடம்பா வலிக்கிறது? சித்ரா தெருத் தெருவாகப் போய் அட்டைப்பெட்டியும் காலி டப்பாவும் பாட்டில் மூடியும் கேட்டு வாங்கி வந்தாள். சலித்துக்கொண்டுதான் செய்தாள், ஆனால் ஒழுங்காகச் செய்தாள். ஆளுக்கு ஐந்து மூடி கொடுத்தவள், "இது என்னுது, அது உன்னுது" என்று பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்துக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொரு மூடியிலும் அவரவர் பேரின் முதல் எழுத்தை மார்க்கரால் எழுதிவைத்தாள்.

அவள் கெட்டவள் இல்லை. பயம் இருந்தால்தான் பிள்ளை உருப்படும் என்று நம்புகிறவள், அவ்வளவுதான். கண்டதை வாயில் வைத்தால் ஊசி போடச் சொல்லிவிடுவேன் என்று பதினொன்றையும் பூச்சாண்டி காட்டியே பழக்கியிருந்தாள். பிள்ளைகள் டீச்சர் தலையைக் கண்டால் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அடங்கிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முந்தின நாள், "தண்ணி பாட்டில்ல சத்தம் வர்ற மாதிரி எதனா போட்டு எடுத்துக்கினு வாங்க, கிலுகிலுப்பை ஆட்டலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் காலையில் மணலும் ஜல்லியும் புளியங்கொட்டையுமாக வந்தன. வளன் கொண்டுவந்த பாட்டில் மட்டும் தனி. கழுத்து வரைக்கும் தோலுரித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், அதுவும் நல்ல ரோஸ் கலரில்.

"டேய், மிட்டாய் கணக்கா இருக்குதே. யாருடா கலர் அடிச்சுக் குடுத்தது?" என்று கேட்டாள் சித்ரா.

"எங்கப்பா" என்றான் வளன். நாலு வயசு. பொய் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் நேரம். வளன் வீட்டு வாசலில் ஸ்டார் கட்டியிருப்பதை அவளே பார்த்திருக்கிறாள். ஸ்டாருக்கு வாங்கின கலரில் மிச்சம் இருந்ததைப் பிள்ளைக்காக இதிலும் பூசிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வளனை நிற்கவைத்து, பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாள். இரண்டு பேர் பூ அனுப்பினார்கள். அவளுக்குச் சந்தோஷம்.

கிலுகிலுப்பை முடிந்ததும் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் பூப் பூவாக அச்சுக் குத்தச் சொன்னாள். அந்தச் சாயமும் ரோஸ் கலராக வாய்த்தது விதி. சீக்கிரம் முடித்த ஒன்றிரண்டு பிள்ளைகள் மூலையில் இருந்த மிக்சி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கடை போட்டன. வெளியே காகிதங்களைக் காய வைக்கிற வேலையும் ரெஜிஸ்டர் எழுதுகிற வேலையும் இருந்ததால் சித்ரா வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரம்தான்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் அடுப்படியில் கரண்டி காணாமல் போயிற்று. சாம்பார் கிண்ட முடியாமல் அம்சா தேடிக்கொண்டு அறைக்குள் வந்தாள். கரண்டி கடையில் இருந்தது, ரோஸ் கலர் மல்லாட்டைக்குள் சொருகி.

"டீச்சர்" என்றாள் அம்சா. குரல் சரியில்லை. சித்ரா எட்டிப் பார்த்தாள். அம்சா ஒரு பருப்பை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு டீச்சர்? இது வெதை மல்லாட்டை."

"விதைன்னா என்ன?"

"மருந்து கலந்தது டீச்சர். எறும்பு, புழு துன்னாம இருக்கிறதுக்கு மருந்து போட்டுப் பெரட்டி வெப்பாங்க, நாளைக்கு வெதைக்கறதுக்கு. வெஷம் டீச்சர் இது."

சித்ராவின் கை தானாகப் போனை எடுத்து, காலையில் பிடித்த போட்டோவைத் திறந்தது. போட்டோவில் மல்லாட்டை பாட்டில் கழுத்து வரை இருந்தது. இப்போது பாட்டிலில் கால்வாசிகூட இல்லை. கடையில் கிடந்ததும் தரையில் சிதறினதும் சேர்த்தால் பாதி தேறும். மீதி எங்கே?

"யாரு தின்னது? இதை யாரு வாயில வெச்சது? சொல்லுங்க."

பதினொரு தலையும் இல்லை இல்லை என்று ஆடின. வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தன. எல்லா வாயும் ரோஸ், எல்லாக் கையும் ரோஸ். வெண்டைக்காய்ச் சாயம் எது, விதை மருந்து எது என்று அந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது. முன்னால் நின்ற கிஷாந்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அழுதான். அவன் அழுததும் இன்னும் நாலு சேர்ந்து அழுதன. தின்றவன் அழுகிறானா, பயந்தவன் அழுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. வாயில் வைத்தால் ஊசி என்று தினமும் சொல்லிக் கொடுத்த பிறகு இன்றைக்கு எந்தப் பிள்ளை வந்து ஒத்துக்கொள்ளும்?

அம்சா உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினாள். சித்ரா 108-க்கு அடித்தாள். எதிர்ப்பக்கம் பேசின பெண், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்துப் பாக்கெட்டைக் கையில் வாங்கி வையுங்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றாள். அப்புறம், "எத்தனை குழந்தைங்க மேடம் சாப்பிட்டிருக்காங்க?" என்று கேட்டாள். சித்ராவுக்குப் பதினொரு பிள்ளைகளைப் பெற்ற இருபத்திரண்டு பேரின் முகமும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது.

வளனின் அப்பா ஜெனித்துக்குப் போன் போட்டு, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜல்தியாக வரச் சொன்னாள். பிறகு நின்றபடி கடையைப் பார்த்தாள். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வளன் இன்னும் உட்கார்ந்திருந்தான். அவன் அழவில்லை. பக்கத்தில் ஒரு காலி பவுடர் டப்பா. கல்லாப்பெட்டி.

சித்ரா தரையில் உட்கார்ந்தாள். குரலை எப்படியோ மாற்றிக்கொண்டாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"கடைக்காரரே, மிட்டாய் இருக்குதுங்களா?"

வளன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு கரண்டியைத் தேடினான். "இருக்குது. மூடி குடுத்தாத்தான்."

"நம்ம கடையில இன்னைக்கு யாவாரம் நல்லாவா?"

"ம். ஜெர்லின் மூணு வாட்டி வாங்கிச்சு. கிஷாந்த் ரெண்டு வாட்டி."

டப்பாவைக் கவிழ்த்தாள். ஐந்து மூடி விழுந்தன. மூன்றில் 'ஜெ', இரண்டில் 'கி'. மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவரவர் மூடியைக் காட்டச் சொன்னாள். எல்லோரிடமும் ஐந்து ஐந்தாக அப்படியே இருந்தது. அவர்கள் வெண்டைக்காயை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பதினொன்று இரண்டாகக் குறைந்ததில் சித்ராவுக்கு ஒரு மூச்சு வந்தது.

கிஷாந்த் வாங்கினது, காலி பாட்டிலில் செய்து வைத்திருந்த யானை பொம்மையின் வயிற்றுக்குள் முழுசாகக் கிடந்தது. யானைக்குத்தான் ஊட்டியிருக்கிறான், புண்ணியவான். ஜெர்லின் கவுன் பையில் ஒரு பிடி இருந்தது. "நீங்க துன்னீங்களா மேடம், நல்லா இருந்துச்சா?" என்று வாடிக்கைக்காரியிடம் கேட்கிற மாதிரி கேட்டதும், "ரெண்டே ரெண்டு. கசப்பு. துப்பிட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

"கெட்டிக்காரன்டா நீ" என்று சித்ரா வளனின் தலையைத் தடவினாள். அவன் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

வண்டியும் ஜெனித்தும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஜெனித் சேற்றுக் காலோடு வந்து இரண்டு மருந்துப் பாக்கெட்டை நீட்டினான். "மூலையில ஒசரமாத்தான் டீச்சர் வெச்சிருந்தோம். ஸ்டூலு போட்டு எடுத்துக்கினு வந்துட்டான் போல" என்றான். ஜெர்லினையும், எதற்கும் இருக்கட்டும் என்று கிஷாந்தையும் ஏற்றிக்கொண்டு, கூடவே சித்ராவும் ஏற, வண்டி கிளம்பியது. மற்றப் பிள்ளைகள் அம்சாவோடு இருந்தார்கள்.

பாதி வழி போயிருக்கும். ஜெர்லினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடி பார்த்த ஆம்புலன்ஸ் தம்பி நன்றாக இருக்கிறது என்றார். சித்ரா அவளை மடியில் வைத்துக்கொண்டு மாதாவையும் அங்காளம்மனையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சைரன் சத்தத்தில் ஜெர்லினுக்கு ஒரே கும்மாளம்.

"டீச்சர், நான் இனிமே அந்தக் கடையில வாங்க மாட்டேன். கசப்பு மிட்டாய்."

"வாங்காத தங்கம்."

"வளனுக்குக் கசக்கவே இல்லியாம். அவனே துன்னுக்கினு இருந்தான்."

சித்ராவுக்கு முதலில் அது காதில் விழுந்தது, அப்புறம்தான் தலைக்குள் போனது. மூடியை எண்ணினாளே தவிர, கடைக்காரனை எண்ணவில்லை. வாங்குகிறவன்தான் மூடி கொடுக்க வேண்டும். கடைக்காரன் எதற்குக் கொடுப்பான்? அவனுடைய ஐந்து மூடியும் பத்திரமாக அவனிடமேதான் இருந்திருக்கும். யார் தின்றது என்று அவனிடம் அவள் கேட்கவே இல்லை. யார் வாங்கினது என்றுதான் கேட்டாள்.

அம்சாவுக்குப் போன் போட்டாள். விரல் இரண்டு தடவை தப்பு நம்பரில் பட்டது.

"வளன் எங்க?"

"மூலையில படுத்துக்கினு தூங்குறான் டீச்சர். புள்ளைக்கு என்னமோ வேர்த்துக் கொட்டுது. எச்சி வேற ஒழுகிக்கினே இருக்குது. நானும் காலைல சரியா துன்னலியோன்னு—"

"எழுப்பு. அவன்தான் அம்சா, அவன்தான். ஜெனித் இருக்காரா? பைக்ல போடச் சொல்லு. வழியில எங்கயும் நிக்காதீங்க."

போனில் அம்சா வளன், வளன் என்று கூப்பிடுவது கேட்டது. அவன் குரல் கேட்கவில்லை. அப்புறம் லைன் போய்விட்டது.

திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த இருபது நிமிஷத்தை என்ன சொல்வது. உள்ளே ஜெர்லினும் கிஷாந்தும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். வாசலுக்கு வரும் ஒவ்வொரு பைக்கையும் சித்ரா ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் சாகக் கூடாது என்று வேண்டினாள். தலையைத் தடவினபோது அவன் சிரிக்காமல் இருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலேயே அவனுக்கு வயிறு வலித்திருக்கும்.

ஜெனித்தின் பைக் வந்தது. பின்னால், மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த அம்சா, நடுவில் துவண்டுபோய் வளன். உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். சித்ரா கதவுக்கு வெளியே நின்றாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டாக்டரம்மா வெளியே வந்து, கண் திறந்துவிட்டான், ஆனால் எவ்வளவு சாப்பிட்டான் என்று தெரிந்தால் நல்லது, ராத்திரிக்கு மருந்து கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள்தானே டீச்சர், கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

சித்ரா உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் ஜெனித் மகனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வளன் மெதுவாகக் கண்ணைத் திருப்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். ஊசி சொருகாத கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா டீச்சர், உங்களை அடையாளம் தெரியுது அவனுக்கு" என்று ஜெனித் அழுதுகொண்டே சிரித்தான்.

சித்ரா ஒரு அடி பின்னால் போனாள், இன்னும் ஒரு அடி போனாள், பையன் கண்ணுக்குப் படாதபடி பச்சைத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்தபடி, "எவ்வளவு தின்னான்னு நீங்களே கேளுங்க ஜெனித்" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

ஜெனித் குனிந்து, எவ்வளவுடா துன்ன என்று மகனிடம் கேட்டான். பிறகு வளன் பேசினான்.

"டீச்சர் போயிட்டாங்களாப்பா?"

"போயிட்டாங்கடா கண்ணு."

"நெறைய துன்னேம்ப்பா. ரெண்டு கை."